ஒரே தோட்டா, பல விலை: கார்பைன் துப்பாக்கியின் கணக்கு

இரண்டு மாதத்துக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வசூல் முடித்து, இருட்டுகிற நேரத்தில் இருசக்கர வண்டியில் ராஜபாளையம் திரும்பும்போது, பின்னால் வந்தவர்கள் பையைப் பறித்துப் போய்விட்டார்கள். பணம் போனது போகட்டும், விழுந்ததில் கையில் ஆறு தையல். மறுவாரம் என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, போலீஸ்காரர் தோளில் தொங்குகிற குட்டைத் துப்பாக்கி நமக்குக் கிடைக்குமா? என்ன விலை?" என்று கேட்டார். கேட்டவர் ஒருவர், நினைப்பவர் பலர் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குட்டைத் துப்பாக்கிக்குக் கார்பைன் என்று பெயர். கைத்துப்பாக்கிக்கு உரிய 9 மி.மீ. தோட்டாதான் இதற்கும். தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுவதால் குறி நிற்கும். நம் நாட்டில் பல்லாண்டுகளாகப் புழங்குவது, ஸ்டெர்லிங் என்ற இங்கிலாந்து மாதிரியைப் பின்பற்றிக் கான்பூரில் செய்தது. பக்கவாட்டில் செருகும் பெட்டியில் 34 தோட்டா பிடிக்கும்.

தோட்டா ஒன்றாக இருந்தும் விலை ஏன் பலவிதம்? தோட்டா வெடிக்கும்போது புகையின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுவதுபோல, பின்புற அடைப்பையும் தள்ளும். குண்டு வெளியேறும் முன்பே அடைப்பு திறந்துவிட்டால் சுடுகிறவருக்கே ஆபத்து. ஆகவே அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்காவது தாமதப்படுத்த வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் விலை இருக்கிறது.

எளிய வழி கனம். கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் நாலு சிப்பம் அரிசியைச் சாத்தி வைத்தால், தள்ளினாலும் கதவு மெல்லத்தானே திறக்கும்? அதுபோல ஒரு கனத்த இரும்புக் கட்டி, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஸ்டெர்லிங் இந்த ரகம். அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கியில் முதலில் தனியாக ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். 1939-ல் அவர்கள் அரசுக்கு அது ஒன்று 209 டாலர். யுத்த காலத்தில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு, வெறும் கனத்தை நம்பிச் செய்தார்கள். மற்றச் சிக்கனங்களும் சேர்ந்து 1944-ல் 45 டாலருக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டென் ஏறக்குறைய 10 டாலர்தான். ஆனால் மலிவுக்கும் ஒரு குறை உண்டு. விசையை அழுத்தியதும் அந்தக் கட்டி முன்னால் பாய்ந்து மோதுவதால் குறி ஆடும். ஸ்டென் கீழே விழுந்தாலே வெடித்துவிடும் என்று சிப்பாய்கள் பயந்தார்கள்.

ஜெர்மனியின் எம்.பி.5 வேறு ரகம். கனத்துக்குப் பதில் இரண்டு சிறு உருளைகள் அடைப்பைப் பிடித்துத் தாமதப்படுத்தும். அடைப்பு மூடிய நிலையிலேயே சுடுவதால் குறி அசையாது. நம் தேசியப் பாதுகாப்புப் படையினர் கையில் இருப்பது இது. நுணுக்கமாகக் கடைய வேண்டிய வேலை, விலையும் அதற்குத் தக்கபடி ஏறும். புகையைக் குழலிலிருந்தே கொஞ்சம் திருப்பிப் பூட்டைத் திறக்கும் மூன்றாவது ரகமும் உண்டு. கரி பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

2021-ல் நம் ராணுவமும் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து 'அஸ்மி' என்ற 9 மி.மீ. துப்பாக்கியை அறிமுகம் செய்தபோது, உற்பத்திச் செலவு 50,000 ரூபாய்க்குள் என்றார்கள். 2024-ல் ஐதராபாத் நிறுவனம் ஒன்றுக்கு 550 துப்பாக்கிக்கு 4.26 கோடி ரூபாய் ஆர்டர். மொத்த வியாபாரி புத்தி, வகுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 77,454 ரூபாய். அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா?

இவ்வளவும் தெரிந்துகொள்ளத்தான், வாங்குவதற்கு அல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, படையினரின் 9 மி.மீ. தோட்டா பொருந்தும் கார்பைன், பிஸ்டல் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். நம்மைப் போன்றவர் கேட்கக்கூடியது .32 ரிவால்வர், பிஸ்டல், அல்லது 12 போர் துப்பாக்கி. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாகப் 12 உருண்டை உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழைகிற குழல்தான் 12 போர். தராசு பிடிக்கிறவர்களுக்கு எளிதில் விளங்கும். மனு விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு. போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு, ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. ரிவால்வர், பிஸ்டலுக்கு 2025 செப்டம்பர் முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம்.

என் தகப்பனார் வைத்திருந்த இரட்டைக்குழல் 12 போர் என் பேரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. மடக்கித் திறந்து, இரண்டு தோட்டா போட்டு மூடினால் சரி. பழுது என்று ஒருநாளும் வைத்தவனில்லை. ஆனால் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் போய்த் திரும்ப வாங்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்க அலைய வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்தால் பீரோ சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்திருப்பேன். வசூலுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போக முடியுமா? ஒருநாளும் போனதில்லை. வீட்டைக் காத்தது எங்கள் ஊர் வெள்ளை நாய்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒப்படைத்துவிட்டேன்.

தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "அன்றைக்குப் பைக்குள் ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையோடு அதுவும் போயிருக்கும் அண்ணாச்சி" என்றார். இப்போது வசூலை மத்தியானத்துக்குள் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியிலேயே கட்டிவிட்டு வருகிறார். துப்பாக்கி மனு எழுதி மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னும் விருதுநகர் போகவில்லை.