ஓய்வூதியமும் ஒரு கையொப்பமும்

திருச்சி பொன்மலை ரெயில்வே பணிமனையில் பல்லாண்டுகள் உழைத்த குடும்பத் தலைவர் ஒருவர் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர்முன் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. மாத ஓய்வூதியத்தில் எத்தனை விழுக்காட்டை மொத்தத் தொகையாகப் பெற விருப்பம் என்று அது கேட்கிறது. சற்றும் சிந்தியாது 40 என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். முன்னே சென்றவர்கள் எல்லாரும் அப்படித்தானே எழுதினார்கள்! வீட்டிலுள்ள துணைவியாருக்கோ அப்படி ஒரு படிவம் இருந்ததே தெரியாது.

2004 ஜனவரி முதல் நாளுக்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு உரிய ஏற்பாடு இது. ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல் என்பர். கம்யூடேஷன் என்றால்தான் பலருக்கும் விளங்கும். நாற்பது என்பது உச்ச வரம்பேயன்றிக் கட்டாயம் அன்று. பத்து என்றும் எழுதலாம். ஒன்றும் பெறாமலும் இருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய் எனில், 40 விழுக்காடு 12,000 ரூபாய். அறுபதில் ஓய்வு பெறுவோர்க்கு அட்டவணை தரும் பெருக்கெண் 8.194. ஓராண்டுத் தொகையை இதனால் பெருக்கினால், கையில் கிடைப்பது 11,79,936 ரூபாய். அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் மாதந்தோறும் 12,000 ரூபாய் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கப்படும். கூட்டிப் பார்த்தால் 21,60,000 ரூபாய்! அக்காலம் முழுதும் வாழ்பவருக்கு இது ஏறக்குறைய 9 விழுக்காட்டு வட்டியில் வாங்கிய கடனுக்கு நிகராகும். இடையில் அவர் இறைவனடி சேர்ந்தால் பிடித்தம் நின்றுவிடும். மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு காசும் குறையாது. முற்காலத்தில் இப்பிடித்தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே பதினைந்து ஆண்டு என்னும் எல்லைக்கு வழி செய்தது.

தொகுத்துப் பெறுவதே தவறு என்று நாம் கூறவில்லை. கந்துவட்டியில் சிக்கியவரும், அடகுக் கடையில் நகையை வைத்து மீட்க இயலாதவரும் தாராளமாகப் பெறலாம். ஆனால், மகளின் திருமண விருந்துக்கும், மாடியில் இன்னோர் அறைக்கும், மகன் தொடங்கவிருக்கும் கடைக்கும் இப்பணம் கரைவதை நம் பங்குகளில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அதற்கென்று பிள்ளைகளையே குறை சொல்லுவதும் முறையன்று. பெரும்பாலும் அவர்கள் கேட்குமுன்னரே தந்தையார் கொடுத்துவிடுகிறார். பின்னர் மருந்துக்கும் மாத மளிகைக்கும் அதே மகனிடம் கை நீட்ட நேரிடுகிறது. உயிரோடிருக்கும்போதே உடைமையின் ஆளுகையைப் பிறர் கையில் விட்டுவிடலாகாது என்று சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அந்தப் பிறருள் மனைவியும் அடக்கம் என்று சிலர் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டக்கூடும். ஆளுகையை விட்டுவிடுவது வேறு, கூடிக் கலந்து முடிவு செய்வது வேறு.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இன்றியே தொகுத்துப் பெறலாம். ஆகையால், மாலையும் பொன்னாடையுமாக விடைபெறும் அவசரத்தில் எழுத வேண்டியதில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம். இரவுச் செபமாலை முடிந்தபின், துணைவியாரை அருகில் அமர்த்தி, வீட்டுக் கடன்களையும் அவற்றின் வட்டியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, எத்தனை விழுக்காடு என்பதை இருவருமாக நிரப்பலாம்.