பழுப்புப் புள்ளி சொல்லும் சாட்சி

"தோல் புற்றுநோயா? அது வெள்ளைக்காரர்களுக்கு வருவதாயிற்றே!" பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் சரி, கிள்ளானில் உறவினர் வீட்டிலும் சரி, நான் படிக்கும் உயிர்மருத்துவ அறிவியலைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வருகிறது. அதில் பாதி உண்மை. மெர்கெல் உயிரணுப் புற்றுநோய் என்பது அரிய தோல் புற்றுநோய். வெளிர்நிறத் தோல் கொண்ட முதியவர்களையும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையுமே அது அதிகம் தாக்குகிறது. ஆனால் அதை அடையாளம் காணும் ஆய்வுக்கூட முறை அரியதல்ல. நம் அம்மாவுக்கோ அத்தைக்கோ மார்பகக் கட்டி என்றால், சிகிச்சையைத் தீர்மானிப்பதும் அதே முறைதான். அதனால் இந்த அரிய நோயின் கதை நமக்கும் தேவை.

ஒரே முகம், நான்கு பெயர்

இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. சிவந்தோ ஊதா நிறமாகவோ வேகமாக வளரும். மருத்துவர் அதில் சிறு துண்டை வெட்டி ஃபார்மலினில் போடுவார். ஆய்வுக்கூடத்தில் அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டி, ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றுவார்கள். நுண்ணோக்கியில் தெரிவது நெருக்கமாக அடைந்து கிடக்கும் சிறிய, நீலநிற, வட்டமான உயிரணுக்கள்.

சிக்கல் இங்கேதான். நுரையீரலில் தொடங்கித் தோலுக்குப் பரவிய சிறு உயிரணுப் புற்றுநோயும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். நிணநீர்ப் புற்றுநோயும், சிலவகை மெலனோமாவும் அப்படியே. நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு. ஆளை மாற்றிப் பிடித்தால் நோயாளிக்குத் தவறான மருந்து போகும்.

இங்கேதான் அடையாளப் புரதங்கள் கைகொடுக்கின்றன. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சீவலின் மேல் விடுவார்கள். பூட்டுக்கேற்ற சாவிபோல் அது பொருந்திய இடத்தில் பழுப்பு நிறம் தோன்றும். சைட்டோகெராட்டின் 20 என்ற புரதத்தைத் தேடினால், மெர்கெல் புற்றுநோயில் உட்கருவின் ஓரத்தில் பொட்டு வைத்ததுபோல் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். டிடிஎஃப்-1 நிறமேறினால் சந்தேகம் நுரையீரல் பக்கம் திரும்பும். சிடி45 நிணநீர்ப் புற்றுநோயையும், எஸ்100 மெலனோமாவையும் சுட்டும்.

ஆனால் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. சைட்டோகெராட்டின் 20 நிறமேறாத மெர்கெல் புற்றுநோய்களும் சில உண்டு. அதனால்தான் நான்கைந்து சாட்சிகளைச் சேர்த்து விசாரிக்கிறார்கள். சாட்சிகளையும் சோதிக்க வேண்டும். எங்கள் செய்முறை வகுப்பில் முதலில் பார்க்கச் சொல்வது ஒப்பீட்டு ஸ்லைடைத்தான். சைட்டோகெராட்டின் 20 இயல்பாகவே இருக்கும் குடல் திசுவில் நிறம் வரவில்லையென்றால், அன்றைய சோதனையையே நம்ப முடியாது.

இருந்தால் போதுமா?

1972-இல் சிரில் டோக்கர் என்ற மருத்துவர் இந்தப் புற்றுநோயை முதலில் விவரித்தார். அதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என்பது 2008-இல்தான் தெரிந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் இணையரின் குழு, 10 கட்டிகளில் 8-இல் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டது. அதற்கு மெர்கெல் உயிரணு பாலியோமா வைரஸ் என்று பெயர்.

நான் இந்த ஆய்வை மதிப்பது அடுத்து அவர்கள் செய்ததற்காக. நோயில்லாத தோல் திசுக்கள் 25-ஐயும் சோதித்தார்கள். 4-இல் அதே வைரஸ் இருந்தது! பெரியவர்களில் பெரும்பாலோர் என்றோ ஒருநாள் இந்த வைரஸைச் சந்தித்தவர்கள்தாம் என்பது இன்று தெளிவு. அப்படியானால், கட்டியில் வைரஸ் இருப்பது மட்டும் அதைக் குற்றவாளியாக்கிவிடாது.

வலுவான சான்று வேறிடத்தில் கிடைத்தது. பல கட்டிகளில் வைரஸின் மரபணு மனித மரபணுவுக்குள் நுழைந்திருந்தது. அதுவும் ஒரு கட்டியின் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். அதாவது, வைரஸ் முதலில் ஓர் உயிரணுவில் புகுந்தது. அதன்பிறகே அந்த உயிரணு பெருகிக் கட்டியானது. இன்று வைரஸின் டி புரதத்தைத் தேடும் எதிர்ப்பொருளும் உண்டு. கட்டியின் உட்கருக்கள் பழுப்பாகும். பக்கத்துத் தோல் வெறுமையாக இருக்கும். திசுவை அரைத்துச் செய்யும் சோதனை வைரஸ் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். அது எந்த உயிரணுவில் இருக்கிறது என்பதைக் காட்டுவது இந்த நிறம்தான்.

நம் நாட்டுப் பாடம்

இந்த வேறுபாட்டின் அருமையை மலேசியா அறியும். 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் கொடுமையில், வைரஸ் உடலுக்குள் என்ன செய்தது? அதே பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியலாளர் வோங் கும் தோங் குழுவினர், இதே எதிர்ப்பொருள் முறையில் இறந்தோரின் திசுக்களை ஆராய்ந்தனர். இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் நரம்பணுக்களிலும் வைரஸின் தடம் தெரிந்தது. கொசு சுமக்கும் வைரஸ் என்று நினைத்த நோயின் உண்மை முகம் அப்படித்தான் துலங்கியது.

இனி வீட்டுக்கு வருவோம். மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அதில் ஹெர்2 என்ற புரதத்தை இதே பழுப்பு நிறத்தால் அளக்கிறார்கள். 3+ என்று வந்தால் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் பயன்படும். 2+ என்றால் முடிவு உறுதியில்லை. மரபணுச் சோதனை ஒன்று கூடுதலாகத் தேவை.

ஆகவே, "இன்னும் சில சோதனை பாக்கி இருக்கிறது" என்று மருத்துவமனையில் சொன்னால், வீட்டில் பலரும் நினைப்பதுபோல் அது இழுத்தடிப்பு அல்ல. யாரோ ஒருவர் இன்னொரு சாட்சியை விசாரித்துக்கொண்டிருக்கிறார். நம் பெரியவர்கள் பலர் மருத்துவர் முன்னால் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். உயிரியல் படிக்கும் நாம் உடன் சென்று, எந்தப் புரதத்தைத் தேடுகிறார்கள், முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேட்டு, வீட்டுத் தமிழில் அவர்களுக்கு விளக்கலாம். தேர்வுக்காகப் படித்த பாடம் அங்கேதான் முழுமையடையும்.