ஒரு மோட்டாரும் நாலு வேலையும்

பனங்காட்டுப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வண்டி செய்ய ஐந்து நிமிஷம் போதும். நுங்கு தோண்டித் தின்ற பனங்காய் இரண்டு, அவற்றைக் கோக்க ஒரு குச்சி, பின்னாலிருந்து தள்ள ஒரு கவைக் கம்பு, அவ்வளவுதான் சாமான். வண்டி ஓடாவிட்டால் காரணத்தைக் கண்ணாலேயே கண்டுவிடலாம். குச்சி கோணலாகச் செருகப்பட்டிருக்கும். அல்லது காய் வாடிச் சுருங்கியிருக்கும். நாமும் பால்யத்தில் இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தேரி மணலில் புதைந்து நின்றவர்கள்தாம். நாற்பது வயதைக் கடந்த பிறகு மறுபடியும் விளையாட்டு வண்டி செய்ய உட்கார்ந்திருக்கிறோம். இந்தத் தடவை நுங்கு இல்லை. பிளாஸ்டிக் கட்டைகளும், பற்சக்கரங்களும், ஒரு சிறு மின்சார மோட்டாரும்.

இதைப் பற்றி வீட்டில் எழுந்த அபிப்பிராயங்களை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. “குழந்தைக்கா ஸார்?” என்று கடைக்காரர் கேட்டார். “ஆமாம்” என்று சொல்லிவிட்டோம். அது முழுப் பொய்யுமல்ல. எங்கள் தமக்கையின் புதல்வி, பன்னிரண்டு வயதுச் சிறுமி, ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். பெட்டியைத் திறப்பது நாம். தப்பு கண்டுபிடிப்பது அவள்.

இந்தக் கட்டைகளின் சரித்திரம் சுருக்கமானது. டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்ஸென் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934-ல் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. இன்று நாம் காணும் கட்டையின் அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ந் தேதி உரிமைப் பத்திரம் கோரினார்கள். அந்த வருஷத்துக் கட்டையை இன்று வாங்கிய கட்டையின் மேல் வைத்து அழுத்தினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். மயிரிழைக்கும் குறைவான பிசகோடு அச்சு வார்ப்பதனால்தான் இது சாத்தியமாகிறது. 1966-ல் ரயில் வண்டிகளுக்கு மோட்டார் வந்தது. 1977-ல் பற்சக்கரமும் அச்சுக் கம்பியும் கொண்ட ஒரு புது வரிசை வந்தது. அதில் ஒரு மோட்டார் காரின் அடிச்சட்டம் உண்டு: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பும், பின்சக்கரம் உருண்டால் எஞ்சினுக்குள்ளே பிஸ்டன்கள் ஏறி இறங்கும். மோட்டாரைத் தனியாக விற்றார்கள், வேண்டுமென்பவர் பூட்டிக்கொள்ளலாம். பிற்காலத்தில் ‘டெக்னிக்’ என்று பிரசித்தி பெற்ற வரிசை இதுதான்.

நம் ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வெளிவந்த ஒரு கிரேன், 4,057 துண்டுகள் கொண்டது. அதற்குள்ளே மோட்டார் ஒன்றே ஒன்று. கிரேனின் உடம்பு திரும்புவதும், கை உயர்வதும், கைக்குள்ளிருந்து கை நீளுவதும், கொக்கி ஏறி இறங்குவதும் அந்த ஒரே மோட்டாரின் கைங்கரியம். எந்த நெம்புகோலைத் தள்ளுகிறோமோ அந்த வேலைக்குச் சக்தி திரும்புகிறது. மறு வருஷம், 2019-ல், லீபெர் ஆர் 9800 என்ற பிரம்மாண்டமான மண் தோண்டும் யந்திரத்தின் சாயலில் ஒன்று வெளிவந்தது. நம் ஊரில் இப்படிப்பட்ட யந்திரங்கள் அனைத்துக்கும் ஜே.சி.பி. என்றே பெயர். அதில் 4,108 துண்டுகள், மோட்டார் 7, பென்சில் பாட்டரி 12, விலை அமெரிக்காவில் அப்போது 450 டாலர். ஏழு மோட்டாரும் கைப்பேசியில் விரல் வைத்தால்தான் அசையும். யந்திரத்தின்மேல் தொட்டு இயக்க ஒரு விசைகூடக் கிடையாது.

இரண்டாவது பார்க்கப் பிரமாதமாயிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஒரே சமயத்தில் திரும்பிக்கொண்டே தோண்டும். பலமில்லாத கைகள் உள்ள குழந்தைக்கு அது ஒரு வரப்பிரசாதமாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மோட்டார் என்று வைத்துவிட்டால், சக்தி எங்கே புறப்பட்டு, எப்படிப் போய், எங்கே சேருகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரு மோட்டாரைக் கொண்டு நாலு வேலை வாங்க வேண்டும் என்ற தரித்திரத்திலிருந்துதான் கியர் பெட்டி என்ற செல்வம் பிறக்கிறது.

கைப்பேசியின் மேலும் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2007-ல் இந்தக் கம்பெனியே ஒருவகை மோட்டாரும் பாட்டரிப் பெட்டியும் கொண்டுவந்தது. 2018-ல் வேறு வகை வந்தது. பழைய முளை புதிய பொந்தில் நுழையாது. கணக்குப் பொறியோடு கூடிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ வரிசை 1998-ல் தொடங்கி 2022-ல் நின்றது. கட்டையோ 1958-லிருந்து மாறவில்லை. பாட்டரியும் விசையும் மட்டும் உள்ள பழைய மோட்டாரை நாற்பது வருஷத்துக்குப் பிறகும் ஓட்டலாம். கைப்பேசிக்குள் இருக்கும் செயலியைக் கம்பெனிக்காரர்கள் கைவிடும் நாளில் ஏழு மோட்டார்களும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தாத்தாவின் பொம்மை பேரனுக்குச் சேரும் தேசம் நம்முடையது. ஆகையால் இது சின்ன விஷயமல்ல.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கிரேனுக்கு வருவோம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு வேறு எதைச் செய்வது? 1974-ல் பெரிய துறைமுகமாகி, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கியிருக்கும் புதுத் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் கிரேன்கள் நிற்கின்றன. கொக்குக் கூட்டம்போல் கழுத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும் அவற்றைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கிரேனுக்கு நாலு வேலை. தண்டவாளத்தில் கரையோரமாக நகர வேண்டும். கப்பல் அணையும்போது கடல்பக்கத்துக் கையை மேலே மடக்கிக்கொள்ள வேண்டும். கையின்மேல் ஒரு தள்ளுவண்டி ஓட வேண்டும். தள்ளுவண்டியிலிருந்து தொங்கும் சட்டம் இறங்கி, கொள்கலனின் நாலு மூலைத் துவாரங்களிலும் பூட்டை நுழைத்து, கால் சுற்றுத் திருப்பிக் கவ்வி, தூக்க வேண்டும். இந்த நாலையும் ஒரே மோட்டாரால் செய்விப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டோம். துறைமுகத்து நிஜக் கிரேனில் வேலைக்கொரு மோட்டார் இருப்பது நமக்குத் தெரியாமலில்லை. அவர்களுக்குக் கப்பல் காத்திருக்கிறது. நமக்கு அப்படியொன்றும் அவசரமில்லை.

முதலில் தூக்கும் வேலை. மோட்டாரின் அச்சில் எட்டுப் பல் சக்கரத்தை மாட்டி, அதை இருபத்துநாலு பல் சக்கரத்தோடு இணைத்தோம். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. பலம் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. கொக்கியில் அலமாரிப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். ஜம்மென்று ஏறிற்று. விசையை அணைத்ததும் பூட்டு தன் பாரத்தால் சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தது.

“மாமா, கொக்கி தானா இறங்குதே! கப்பல்ல இருக்கிறவங்க தலையில விழுந்தா என்ன செய்வாங்க?” என்றாள் மருமகள்.

நியாயமான கேள்வி. பெட்டியின் மூலையில் மரைத் திருகு ஒன்று கிடந்தது. பல் சக்கரத்துக்குப் பதிலாக அதை மோட்டாரின் அச்சில் கோத்தோம். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் இருபத்துநாலு பல் சக்கரம் ஒரு பல் மட்டுமே நகரும். திருகு சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் திருகைத் திருப்ப முடியாது. மோட்டாரை அணைத்த பிறகும் பூட்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது. அந்தப் பெண் பத்துத் தடவையாவது விசையைப் போட்டு அணைத்துப் பார்த்திருப்பாள். கைப்பேசியில் அம்புக்குறியை அழுத்தியிருந்தால் இந்த அதிசயம் அவள் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு நெம்புகோல்கள். அச்சின்மேல் சறுக்கும் வளையம் ஒன்று; இடப்பக்கம் தள்ளினால் ஒரு சக்கரத்தைக் கவ்வும், வலப்பக்கம் தள்ளினால் மற்றொன்றைக் கவ்வும், நடுவில் நின்றால் எதையும் கவ்வாது. இப்படி இரண்டு வளையங்கள் வைத்தால் நாலு வேலையும் தீர்ந்தன என்று கணக்குப் போட்டோம். கணக்கு சரி, கை தவறிவிட்டது. ஓர் அச்சு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ளும்படி நாமே மாட்டிவிட்டோம். மோட்டார் முனகிற்று. நல்லவேளையாக நடுவில் வழுக்குச் சக்கரம் என்று ஒன்று வைத்திருந்தோம். பாரம் அளவுக்கு மிஞ்சினால் அது கடகடவென்று சத்தமிட்டுக்கொண்டு தன்னளவில் வழுக்கும், மோட்டார் கருகாது. முந்நூறு துண்டுகளைக் கழற்றி மறுபடியும் கட்டினோம். வீட்டு எஜமானி அன்று சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டதாகப் பின்னால் தெரியவந்தது.

இந்தக் கரையில் ஆழத்திலிருந்து பாரம் தூக்கும் வித்தை புதிதல்ல. முத்துக் குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்குப் போவார். அவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்கும் மண்டக்கு அவரையும் சிப்பிக் கூடையையும் மேலே இழுப்பார். மண்டக்கின் இரண்டு கைகள்தாம் நம் கடலின் முதல் கிரேன். மூச்சுப் பிடித்திருப்பவரின் பிராணன் அந்தக் கைகளில் இருந்தபடியால், அங்கே வழுக்குச் சக்கரத்துக்கு இடமில்லை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. பழைய துறைமுகத்துப் பக்கம் போனால் மரத் தோணிகளை இன்னும் பார்க்கலாம். ஒரு காலத்தில் பாய் மட்டுமே விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய அந்த ஜாதித் தோணிகளிலும் இப்போது எஞ்சின் பூட்டிவிட்டார்கள்.

“அந்நிய தேசத்துப் பொம்மைக்கு இவ்வளவு உபசாரமா?” என்று நேயர்கள் கேட்கலாம். அதுவும் சிதம்பரம் பிள்ளையின் ஊரில்! அவர் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லக்ஷம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு வருஷம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவை தூத்துக்குடித் தச்சர்கள் கட்டியவையல்ல; ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதல்ல அன்றைய கேள்வி. பங்கு யாருடையது, நடத்துவது யார் என்பதே. அந்தக் கணக்குப்படி பார்த்தால், டென்மார்க்கின் துண்டுகளைக் கொண்டு நம் துறைமுகத்துக் கிரேனை நம் மனம்போல் கட்டுவதில் தோஷமில்லை. அவர்கள் அனுப்பிய புஸ்தகத்தைப் பார்த்து அவர்கள் சொன்ன வண்டியை மட்டும் கட்டி அலமாரியில் வைத்துவிடுவதுதான் பரதேசித்தனம்.

இந்திய சர்க்கார் பொம்மைகளின் இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலுக்கு இது நல்ல வேலி. ஆனால் வேலி போட்டால் மட்டும் பயிர் வந்துவிடாது. திருகும் தகடும் கொண்ட மெக்கானிக்ஸ் பெட்டிகள் நம் தேசத்திலேயே வெகுகாலமாகச் செய்யப்படுகின்றன. அவற்றை வாங்கிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். பத்துப் பைசாச் செலவில்லாத வழியும் உண்டு. அரவிந்த குப்தா என்ற எஞ்சினீயர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பரையும் இணைத்துச் சட்டங்கள் கட்டக் கற்பித்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். பள்ளிக்கூடங்களில் இதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் குடிமுழுகிப் போய்விடாது.

விளையாட்டுப் பேச்சாக இதை ஒதுக்கிவிட முடியாதபடி இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 ஆகஸ்டு 4-ந் தேதி தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியத்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. துவக்கத்தில் வருஷத்துக்கு 50,000 வண்டிகள் பூட்டும் வசதி செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், சந்தோஷம். புஸ்தகத்தில் கண்டபடி துண்டுகளைப் பூட்டுகிறவர்களாக அவர்கள் நின்றுவிடுவார்களா, மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டுமென்று கேட்கிறவர்களாக ஆவார்களா என்பதில்தான் நமக்குக் கவலை. அந்தக் கேள்வி தொழிற்சாலை வாசலில் பிறப்பதில்லை. பத்து, பன்னிரண்டு வயதில், தரையில் உட்கார்ந்திருக்கும்போது பிறக்கிறது.

எங்கள் கிரேன் இப்போது நாலு வேலையும் செய்கிறது. கையை மடக்கும்போது மட்டும் தள்ளுவண்டி நுனியில் இருக்கக்கூடாது. இருந்தால் சட்டம் வளைகிறது. போன வாரம் அது மருமகளுக்குச் சலித்துவிட்டது. சந்தையிலிருந்து நுங்கு வந்திருந்தது. தின்றபின் இரண்டு காய்களை எடுத்துத் துளையிட்டு மோட்டாரின் அச்சில் கோத்தாள். விசையைப் போட்டதும் வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. அச்சு சுழல்கிறது, காய் சுழலவில்லை. துளை உருண்டையாயிருப்பதுதான் கோளாறென்றும், குறுக்கே ஈர்க்கு ஒன்று செருகினால் அச்சு காயைப் பிடித்துக்கொள்ளும் என்றும் அவள் சொல்கிறாள். காய் வாடுவதற்குள் செய்து பார்க்க வேண்டும்.