மாடியில் நீட்டி நிற்கும் கம்பிகள்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகளின் மொட்டை மாடிகளைக் கவனித்திருக்கிறீர்களா? தூண்களின் உச்சியில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வேலை பாதியில் நின்றுவிட்டதோ என்று எண்ண வேண்டாம். பின்னால் பணம் சேரும்போது மாடி எழுப்புவதற்கான முன்னேற்பாடு அது.

இப்படிச் சிறுகச் சிறுகக் கட்டுவதையே திட்டமாகக் கொண்டு எழுந்த குடியிருப்புகள் நம் அருகிலேயே உள்ளன. உலக வங்கி உதவியுடன் 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அடுத்த கட்டமாக முகப்பேரிலும் மனைகள் பிரித்துத் தரப்பட்டன. சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளைத் திட்டத்தினர் அமைத்தனர். வீட்டை மக்கள் தம் தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப வளர்த்துக்கொண்டனர்.

கணிப்பொறித் துறையிலும் இதே எண்ணம் உண்டு. 2001-இல் 17 வல்லுநர்கள் அமெரிக்காவில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன் பின் ‘அஜைல்’ எனும் முறை பெயர் பெற்றது. மென்பொருளின் ஒரு சிறு பகுதியை முதலில் செய்வார்கள், பயன்படுத்துவோரிடம் கொடுப்பார்கள், அவர்கள் கூறும் குறைகளைத் திருத்திய பிறகே அடுத்த பகுதிக்குச் செல்வார்கள்.

அப்படியானால் வீட்டையும் நினைத்தபடியெல்லாம் மாற்றலாமா? இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள அறைக்கு 12 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போடுவதாகக் கொள்வோம். அதன் பருமன் 1.44 கன மீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோகிராம். ஆகவே, தளத்தின் நிறை மட்டுமே 3,600 கிலோகிராம்! சுவரும் மனிதரும் சாமான்களும் வேறு. இத்தனை பாரமும் தூண்கள் வழியே இறங்கிக் கடைக்காலைச் சேர்கிறது. கடைக்கால் அதை மண்ணில் பரப்புகிறது.

மென்பொருளில் பிழையான வரியை அழித்து எழுதிவிடலாம். மேலே வீடு நிற்கும்போது கடைக்காலைப் பெரிதாக்குவது எளிதன்று. எனவே, கம்பி நீட்டியிருப்பதாலேயே மாடி கட்டிவிட முடியாது. கடைக்கால் அந்தப் பாரத்துக்குக் கணக்கிடப்பட்டதா, மழையில் நனைந்த கம்பி துருவேறிவிட்டதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும்.

மனைத் திட்டங்களை ஒரு காலத்தில் தோல்வி என்றே பலர் கருதினர். ஆனால் சென்னை, மும்பைக் குடியிருப்புகளை இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அவை நன்கு வளர்ந்த பகுதிகளாகிவிட்டதைக் காட்டியது. மாற்றக் கடினமான சாலையையும் குழாயையும் முதலிலேயே முடிவு செய்து, மாற்றக்கூடியதை மக்களிடம் விட்டது நல்ல பலன் தந்திருக்கிறது.

மாணவர்களே, அடுத்த முறை அந்தக் கம்பிகளைக் காணும்போது, “இந்தக் கடைக்கால் எத்தனை மாடிக்குப் போட்டது?” என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.