புறொக்சிச் செயலியும் தொடர்புத் தடையும்

கடல் கடந்து வாழும் மைந்தனும் ஊரில் இருக்கும் அன்னையும் நாள்தோறும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்து உரையாடுதல் இன்று இயல்பாகிவிட்டது. அவ்வியல்பு தடைப்படும் நாளிலேதான் அதன் அருமை புலப்படுகின்றது. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 ஆந் திகதிக் குண்டுவெடிப்புக்களை அடுத்தும், 2022 ஏப்ரல் 3 ஆந் திகதியும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அந்நாட்களிற் பலர் வி.பி.என்., புறொக்சி முதலிய செயலிகளை நாடினர். நாடிப் பெற்ற கருவி இயங்காதபோது செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

புறொக்சி என்பது பதிலாள். நாம் ஒரு தளத்துடன் நேரே பேசாது, இடையிலுள்ள ஒரு வழங்கியிடம் வேண்டுகோளைக் கொடுக்கின்றோம். அது நமக்காகச் சென்று விடையைப் பெற்றுத் தருகின்றது. 1996 இல் வகுக்கப்பட்ட சொக்ஸ் ஐந்து என்னும் நெறி இத்தகையது. அதனைத் தழுவி 2012 இற் சீனத்தில் எழுந்த ஷடோசொக்ஸ், இடைவழிச் செய்தியை மறையாக்கி அனுப்புவது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளிற் பலரும் கையாளும் இவ்வகைச் செயலியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பழுது பார்ப்போர் முதலில் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. செயலியை இயக்கியதும் திரையின் மேல் ஒரு சாவிக் குறி தோன்றும். அதனைக் கண்டு தொடர்பு கிடைத்துவிட்டதெனப் பலர் மயங்குவர். அக்குறி, கைத்தொலைபேசியினுள்ளே ஒரு வழி திறக்கப்பட்டது என்பதை மட்டுமே அறிவிக்கும். அவ்வழி வழங்கியைச் சென்றடைந்ததென்பதற்கு அது சான்றன்று. ஆதலின், வழியை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துச் சோதித்தலே முறை.

முதலாவது, செயலியை நிறுத்திவிட்டுச் சாதாரண இணையம் இயங்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். விடுதி, விமான நிலையம் ஆகியவற்றின் வைபை, உலாவியில் ஓர் அனுமதிப் பக்கத்தை நிரப்பிய பின்னரே வழிவிடும். செயலி இயங்கிக்கொண்டிருப்பின் அப்பக்கம் தோன்றாமலே போகலாம். மற்றொன்று, வட்ஸ்அப், முகநூல் என்பவற்றுக்கென்றே வாங்கிய டேட்டாப் பொதி. புறொக்சி வழியே செல்லும்போது அப்போக்குவரத்து வட்ஸ்அப் எனத் தொலைபேசி நிறுவனத்துக்குப் புலப்படாது. பொது டேட்டாவிலேயே கழியும். பொது டேட்டா தீர்ந்திருப்பின் தொடர்பு அறும். இதனைச் செயலியின் குற்றமெனக் கொள்ளுதல் தகாது.

இரண்டாவது, கைத்தொலைபேசியின் கடிகாரம். ஷடோசொக்ஸின் 2022 வகை நெறியில், நமது நேரமும் வழங்கியின் நேரமும் 30 விநாடிக்கு மேல் வேறுபடின் வேண்டுகோள் புறக்கணிக்கப்படும். பிழையான திகதி, பாதுகாப்புச் சான்றிதழ்களையும் செல்லாதனவாகக் காட்டும். தன்னியக்க நேர அமைப்பை இட்டுவிட்டால் இத்தொல்லை தீரும்.

மூன்றாவது, எழுதிய விபரங்கள். வழங்கியின் முகவரி, போர்ட் என வழங்கும் வாயில் எண், கடவுச்சொல், மறையாக்க முறை ஆகிய நான்கும் இருபுறத்தும் ஒத்திருத்தல் வேண்டும். கடவுச்சொல் பிழைத்தால் ஷடோசொக்ஸ் வழங்கி பெரும்பாலும் பிழையென உரைப்பதில்லை; மௌனம் சாதிக்கும். அந்நியர் தன்னைத் தட்டிப் பார்த்து அடையாளங் காணாதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். ஆகவே சாவிக் குறி ஒளிர்ந்தும் ஒரு பக்கமேனும் திறவாதாயின், முதலில் ஐயுற வேண்டியது இந்நான்கையுமே. ஈற்றில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூடப் போதும், தொடர்பைக் கெடுக்க.

நான்காவது, கைத்தொலைபேசியின் அமைப்புக்கள். அன்ட்ரொயிட் ஒரு வேளையில் ஒரு வி.பி.என். வழியையே அனுமதிக்கும், வேறொன்று இயங்கின் முன்னது விலகும். பற்றரியைச் சேமிக்கும் ஏற்பாடு, திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடக்கூடும். சில நிமிடத்துக்கொருமுறை தொடர்பு அறுவதற்கு இது ஒரு காரணம். 2018 இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு முதல் உள்ள தனிப்பட்ட டி.என்.எஸ். என்னும் அமைப்பில் ஒரு பெயரைக் குறித்திருந்து, அதற்குரிய 853 ஆம் வாயிலை வலையமைப்புத் தடுத்திருப்பின், எந்தத் தளப் பெயரும் எண் முகவரியாக மாறாது. வைபையில் மட்டும் இணையம் அற்று, மொபைல் டேட்டாவில் நன்கியங்குமாயின், அவ்வைபையின் அமைப்பில் முன்பொருநாள் எழுதிய பழைய புறொக்சி முகவரி எஞ்சியுள்ளதா என நோக்குக.

ஐந்தாவது, செய்தி செல்கின்றது, பேச்சு மட்டும் செல்லவில்லை என்னும் முறைப்பாடு. எழுத்துச் செய்தி டி.சி.பி. வழியே செல்லும்; குரல் அழைப்புப் பெரும்பாலும் யு.டி.பி. வழியை நாடும். வழங்கி யு.டி.பி.யைக் கடத்தாதாயின் அழைப்பு ஒலித்தும் குரல் கேளாது. இதனைத் திருத்தும் உரிமை வழங்கியை நடத்துபவர் கையிலேயே உண்டு.

இவற்றாலும் தீராதாயின் செயலியின் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். தொடர்பு மறுக்கப்பட்டது என்றிருப்பின், பெரும்பாலும் வழங்கியின் இயந்திரம் எட்டப்பட்டது, ஆனால் அவ்வாயிலில் ஏற்பார் இல்லை என்பது பொருள். வாயில் எண்ணைச் சரிபார்க்க. காலம் கடந்தது என்றிருப்பின் விடையே வரவில்லை. வழங்கி நின்றிருக்கலாம், அன்றி வழியில் தடுக்கப்பட்டிருக்கலாம். இடையில் அறுக்கப்பட்டது என்பது, நடுவழித் தீச்சுவரோ வழங்கியோ வெட்டியது என்பதாம். 407 என்னும் எண் தோன்றின், புறொக்சி நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கின்றது. அதே அமைப்பை வேறொரு வலையமைப்பில் இட்டுப் பார்க்க. அங்கு இயங்கின், தடை முதல் வலையமைப்பில் உளது; அங்கும் இயங்காவிடின், வழங்கியிலோ நம் விபரங்களிலோ உளது.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. நான்கைந்தை ஒருங்கே மாற்றுபவர், சரியாய் இருந்ததையும் கெடுத்துக்கொள்வர்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்லுதல் கடன். தொடர்பு கிடைத்தாற் போதும் என்னும் பதற்றத்திலேயே மனிதர் ஏமாறுகின்றனர். புறொக்சியை நடத்துபவர், நாம் எங்கெங்கே செல்கின்றோம் என்பதை அறிய வல்லவர். மறையாக்கமற்ற தளத்தில் நாம் எழுதுவதையும் படிக்க வல்லவர். சான்றிதழ் பிழையென எச்சரிக்கை எழுமாயின், அதனை ஒதுக்கிவிட்டு முன்செல்லற்க. கடிகாரத்தைச் சரிசெய்த பின்னும் எழுமாயின் அவ்வழியையே கைவிடுக. அறியாதார் தரும் சான்றிதழைத் தொலைபேசியில் நிறுவற்க. உதவி வேண்டிப் பிறருக்குப் பதிவேட்டை அனுப்புமுன் முகவரியையும் கடவுச்சொல்லையும் நீக்குக. வங்கிக் கணக்கை அறியாத இலவச வழங்கியூடாகத் திறவாதிருத்தல் நலம். நாம் வாழும் நாட்டின் சட்டமும் தொழில் புரியும் இடத்தின் விதியும் இத்தகைய செயலிகளைப் பற்றிக் கூறுவதையும் முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

தடை வந்த நாளிற் கருவி தேடுபவர், கிடைத்ததைக் கைக்கொள்ள நேரும். அமைதியான நாளிலேயே நம்பத்தக்க ஒருவரின் வழங்கியைத் தெரிந்து, அமைத்து, ஒருமுறை சோதித்து, ஊரிலுள்ள முதியோருக்கும் காட்டிக் கொடுத்தல் இளையோர் கடமை. சாதாரணத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைப்பிப்பாராக. எல்லா வழியும் அடைபட்ட நாளில் அதுவே உதவக்கூடும்.