பற்றாசு

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் விசைத்தறிகள் பல உண்டு. தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அதனை நொடியில் முடிந்துவிடுவர். வெந்நீர் ஓடும் செம்புக் குழாயின் இரு துண்டுகளை அவ்வாறு முடிய இயலுமா? அவற்றை இணைக்க உதவும் உலோகக் கலவையே பற்றாசு.

செம்பு 1085 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகிவிடும். ஆதலால் குழாய் உருகாமலே வெள்ளீயக் கலவையை உருக்கி ஓட்டலாம். குழாய்க்கும் அதனைக் கவ்வும் இணைப்புக்கும் இடையே காகிதக் கனமே இடைவெளி இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய பற்றாசு அவ்விடுக்கினுள் தானே ஏறி நிறையும். இதனை நுண்புழையேற்றம் என்பர்.

அழுக்கேறிய செம்பில் பற்றாசு ஒட்டாது. எனவே குழாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளக்கியைத் தடவுவர். சுடரைப் பற்றாசில் காட்டாமல் இணைப்பிலேயே காட்டவேண்டும். குழாயினுள் நீர் எஞ்சியிருந்தால் அது வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும், பற்றாசு உருகாது.

மரச்சட்டத்தை ஒட்டிய இடுக்கான இடங்களில் இப்பணி இடர் மிக்கது. தேர்ந்த கைவினைஞர் இயன்ற இணைப்புகளை வெளியிலேயே முடித்துக்கொள்வர்; எஞ்சியவற்றிற்குப் பின்னே தீப்பற்றாத தகட்டை நிறுத்தி, ஒரு வாளி நீரும் அருகில் வைப்பர்.

முற்காலத்தில் பற்றாசில் காரீயம் கலந்தனர். அது உடலிற் சேர்ந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே அமெரிக்க நாடு 1986-ஆம் ஆண்டில் குடிநீர்க் குழாய்களுக்கு அதனை விலக்கியது. இணைப்பு சுவருக்குள் மறைந்துவிடும். அதனூடே வரும் நீரையோ வீட்டார் அனைவரும் பயன்படுத்துவர். ஆதலின், காணாத இடத்துச் செய்யும் வேலையே கைவினைஞரின் நேர்மைக்கு உரைகல்லாகும்.