வேம்பநாட்டுக் காற்றில் ஒரு சிறு பாய்ப்படகு

வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்குச் செல்லும் வாட்டர் மெட்ரோ, 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அந்த மின்படகில் அமர்ந்திருப்போருக்குக் காற்று வீசுவதே தெரிவதில்லை. 14 அடி நீளமுள்ள பாய்ப்படகில் ஏறிய பிறகே நாங்கள் காற்றை அறிந்தோம். பணிமாற்றத்தில் கொச்சிக்கு வந்த வங்கி அலுவலர் மூவர் நாங்கள். நண்பர் ஒருவரின் படகைக் காருக்குப் பின்னே இழுவண்டியில் பூட்டி, விடுமுறை நாள்களில் தெற்கே வேம்பநாட்டுக் காயலுக்குக் கொண்டுசெல்வோம்.

படகை இறக்குமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும். அதை நிமிர்த்தும் இடத்துக்கு மேலே மின்கம்பி செல்லுமாயின், ஆபத்து கரையிலேயே காத்திருக்கிறது.

கோடையில் பிற்பகல்தோறும் கடற்காற்று வலுக்கும். கரையோரத் தென்னந்தோப்புகளும் அடுக்குமாடிகளும் அதைச் சிதறடிப்பதால், அது சீராக வராது; ஓய்ந்து ஓய்ந்து, திசை மாறி, திடீரென மோதும். மணிக்கு 15 கி.மீ. வேகக் காற்று 30 கி.மீ. ஆகும்போது பாயின்மீது விழும் அழுத்தம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. கூட்டுவட்டி பழகிய எங்களுக்கே இக்கணக்கு மனத்தில் பதியவில்லை.

முதல் மாதத்திலேயே கவிழ்ந்தோம். கை வலிக்கிறதென்று பாய்க்கயிற்றை முளையில் இறுகக் கட்டிவிட்டதே காரணம். வீச்சு வந்தபோது முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. எங்களுள் ஒருவருக்கு நீந்தத் தெரியாது. வெயில் தாளாமல் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற முனைந்த அவரைப் படகுக்காரர் அன்று காலையில்தான் அதட்டியிருந்தார். அந்த அதட்டலே அவரைக் காத்தது. கரை அருகில் தோன்றினும் நீந்த முயலாமல், கவிழ்ந்த படகையே பற்றிக்கொண்டோம். பின்னர், கயிற்றைத் தளர்த்தி, அடிப்பலகையின் மேல் இருவர் ஏறி நின்று படகை நிமிர்த்தினோம்.

இப்போது கயிறு எப்போதும் கையிலேயே இருக்கிறது. நீர்ப்பரப்பில் கருமையாகச் சிற்றலைகள் ஓடிவருவது தெரிந்தால், அடுத்த வீச்சு வருகிறதென்று பொருள். உடனே காற்று வரும் பக்கமாக உடலைச் சாய்த்து, கயிற்றைச் சற்று நெகிழ்த்தி, முகப்பைக் காற்றை நோக்கிச் சிறிது திருப்புகிறோம். அச்சத்தில் இழுத்துப் பிடிக்கவே கை துடிக்கும். அதை வெல்வதுதான் கடினம். சென்னையின் நேத்ரா குமணன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் தனியொருவராகச் செலுத்தியதும் 4.2 மீட்டர் நீளச் சிறுபடகுதான். அதிலும் படகைச் சமன்செய்யும் எடை, வெளியே சாயும் உடலே.

காற்று பின்னாலிருந்து வீசும்போது இன்னும் கவனம் தேவை. பாயின் அடிக்கழி திடீரென மறுபக்கம் பாய்ந்து தலையில் அடித்துவிடும். காற்று மிகுமென்று தோன்றினால் கரையிலேயே பாயைச் சுருக்கிக் கட்டிவிடுகிறோம். நடுக்காயலில் அதைச் செய்வது எங்களால் ஆகாத வேலை. மே மாதத்தில் கிழக்கே மலைப்பக்கம் இடிமேகம் திரளக் கண்டால், எவ்வளவு இனிய காற்றாயினும் படகை இழுவண்டியில் ஏற்றிவிடுகிறோம்.